இல்லை என்று நான் எழுதிக்கொடுத்த புத்தகம்

நூல்நிலையத்தில் உங்கள் மேசைகளில் இப்போது கணினி இருக்கிறது. பழந்தமிழில் ஆராய்ச்சி செய்கிற ஒருவர் வந்து ஒரு பதிப்பின் பெயரைச் சொல்கிறார். நீங்கள் தட்டிப் பார்க்கிறீர்கள். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியை அப்படியே அவரிடம் ஒப்பித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறீர்கள். போன மாதம் உங்களில் ஒருவர், தலையைக்கூட நிமிர்த்தாமல், “அப்பிடி ஒரு புத்தகமே கெடையாதுங்க” என்று ஒரு பெண் பிள்ளையிடம் சொன்னதைக் கேட்டேன். யார் என்று சொல்லமாட்டேன். நல்ல பிள்ளைதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை எனக்கு. அதனால்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பதுளையிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆள்கணக்கு எடுக்கிற காலைப் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். மலையை விட்டு இறங்கி வந்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். முருகன் கொடுத்த வேலை என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவன் கொடுத்ததை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதுதான் வேறு கதை.

பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் நூல்நிலையம். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்துக்குச் சொந்தம். காலையில் பத்திரிகை பார்க்க வருகிறவர்கள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், இவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் பின் அறையில் நல்ல புத்தகங்கள் இருந்தன. எந்தக் காலத்திலோ இந்தியாவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பண்டிதர் கண்ணை மூடும்போது தன் பெட்டியைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். பழைய பதிப்புகள், பழைய உரைகள். தொட்டால் ஓரம் உதிரும். அவற்றின் அருமை எனக்குத் தெரியாது. பழசு, அதனால் புனிதம் என்று மட்டும் தெரியும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு குறிப்பு அட்டை. நூலின் பெயர், பதிப்பித்தவர், அலுமாரி எண். அட்டைகள் மரத்து இழுப்பறைகளில், எங்கள் பேச்சில் லாச்சிகளில், அகரவரிசையில் நிற்கும். அது தவிர, வந்த புத்தகங்களை வந்த வரிசையில் எழுதிவைத்த பெரிய பதிவேடு ஒன்று அலுமாரிக்கு மேலே கிடக்கும். லாச்சியில் தேடுவது எளிது. பதிவேட்டில் தேட வேண்டுமென்றால் நாற்காலி போட்டு ஏறி, தூசு தட்டி, பக்கம் பக்கமாக விரலை ஓட்ட வேண்டும். நான் ஏறினதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. பின் அறையிலிருந்து மிகப் பழசாகத் தெரிந்த ஆறு புத்தகங்களை எடுத்தேன். முதல் பக்கத்தில் சாமி படமோ கடவுள் வணக்கமோ இருந்தவையாகப் பார்த்து எடுத்தேன். மஞ்சள் பட்டுத்துணியில் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் விசயதசமிக்கு அவிழ்த்துப் படிக்க வேண்டும், அதுதான் முறை. அவிழ்க்க மனம் வரவில்லை. பூசையில் இருந்த புத்தகத்தைக் கண்டவர் கையில் கொடுப்பதா? மூட்டையை அப்படியே படத்தின் கீழே இருந்த சின்ன அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வெளியே கொடுக்கப்போவதில்லை என்றான பிறகு அட்டை எதற்கு என்று, ஆறு அட்டைகளையும் லாச்சியிலிருந்து எடுத்து அந்தந்தப் புத்தகத்துக்குள்ளேயே செருகிவிட்டேன். அடுத்தடுத்த வருஷங்களில் மூட்டையை வெளியே எடுப்பேன், சந்தனம் வைப்பேன், முடிச்சை இன்னும் இறுக்கி உள்ளே வைப்பேன். எந்தெந்தப் புத்தகம் உள்ளே இருக்கிறது என்பது இரண்டாம் வருஷமே மறந்துபோயிற்று.

சங்கத்துச் செயலாளர் கீழே இருந்த துணிக்கடையின் முதலாளி. என் திருநீற்றையும் பூசையையும் பார்த்து எனக்குப் பூசாரி என்று பெயர் வைத்தவர் அவர்தான். “என்ன பூசாரி, இன்னைக்கு அம்மாளுக்கு என்னா நைவேத்தியம்? சுண்டல் இருந்தா கீழ அனுப்பு” என்று படிக்கட்டிலிருந்தே சத்தம் போடுவார். வாசகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஐந்தாறு வருஷம் கழித்து, எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் வந்தார். கமலம் என்று பெயர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். ஈரக் குடையை வாசலிலேயே விட்டுவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஐயா, ஒரு பழைய உரைப் பதிப்பு பாக்கணும். பக்க நம்பர் மட்டும் குறிச்சுக்கிட்டா போதும்.”

பெயரைச் சொன்னார். லாச்சியை இழுத்துப் பார்த்தேன். இல்லை.

“அப்பிடி ஒன்னும் இல்லையே டீச்சர்.”

“இருக்குங்க. நீங்க வர்றதுக்கு முன்னால, நான் படிச்சிக்கிட்டு இருந்த காலத்துல, அந்த சன்னல் ஓரத்துல உக்காந்து ஒரு மாசம் நோட்டுல எழுதியிருக்கேன். பச்சை அட்டை. மொதப் பக்கத்துல புள்ளையார்.”

“வேற எங்கயாச்சும் வாசிச்சிருப்பீங்க. கண்டில, கொழும்புல.”

அவர் சிரித்தார். “கண்டிக்கு நான் போனதே ரெண்டு தடவதாங்க. ரெண்டு தடவையும் பாஸ்போர்ட்டு வேலைக்கு.”

அன்று அவர் சொன்னதிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பழந்தமிழ் அகப்பாட்டுகளில் மலைநிலத்துப் பெண்கள் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் அதன் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, முழுக் கட்டுரையும் தேறினால் சிறப்புப் படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தில், டீச்சர் வீட்டில் எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எந்த நேரமும் கிளம்பச் சொல்லி ஓலை வரலாம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் மாணவி என்று காட்டித் தனக்கு மட்டும் விசாவை நீட்டிக் கேட்கலாம், படித்து முடிக்கலாம். இதுதான் அவருடைய கணக்கு. அதற்கு அந்தக் கட்டுரை தேற வேண்டும்.

கட்டுரையின் உயிர் அந்தப் பதிப்பில் இருந்தது. மலைச்சரிவில் தினைப்புனம் காக்கும் பெண்களைப் பற்றி வருகிற பாட்டுகளுக்கு உரை எழுதினவர்கள் எல்லோரும் அதை விளையாட்டாகவும் காதலுக்கு வாய்ப்பாகவும்தான் சொல்லியிருக்கிறார்களாம். அந்தப் பச்சை அட்டைப் பதிப்பில் மட்டும் ஓர் உரைக்காரர், அந்தப் பெண்கள் வேறொருவனுடைய புனத்தில் தானியக் கூலிக்கு நின்றவர்கள் என்று ஒரு பாட்டுக்கு எழுதியிருக்கிறாராம். “எங்கம்மா கொழுந்து எடுக்கிற மலைய அவரு பாத்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சுங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. பக்க எண் இல்லாமலே கட்டுரையை அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். பேராசிரியரிடமிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. இன்ன பதிப்பு தங்கள் நூல்நிலையத்தில் உண்டா, திரும்பும் தபாலில் எழுத்தில் தெரிவிக்கவும் என்று. செயலாளர் கடிதத்தைக் கையில் ஆட்டிக்கொண்டே மேலே வந்தார்.

“பூசாரி, யுனிவர்சிட்டியிலேருந்து நமக்குக் காயிதம்! நல்ல தமிழா எழுதி, சீல் வச்சு, இன்னைக்குத் தபாலுக்கே போட்டுரணும். கேட்டியா? நம்ம சங்கத்து மானம்.”

தபால் கட்டுவதற்கு அரைமணி நேரம் இருந்தது. மறுபடி லாச்சியை இழுத்தேன். இல்லை. ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்: ‘தாங்கள் குறிப்பிட்ட நூல் எமது நூல்நிலையத்தில் இல்லை.’ ஒரே வரி. பல்கலைக்கழகத்துக்குப் போகிற கடிதம் இவ்வளவு மொட்டையாக இருக்கலாமா என்று தோன்றியது. எட்டாம் வகுப்புக்காரன் எழுதினது என்று நினைத்துவிடக்கூடாதே. பேனாவை எடுத்துக் கூடச் சேர்த்தேன்: ‘எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதையும் பணிவுடன் அறியத்தருகிறோம்.’ படித்துப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது. முத்திரையை மையில் ஒற்றி, வாயால் ஊதிக் காயவைத்து, நானே தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். வருகிற வழியில் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அந்த இரண்டாவது வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை, பிள்ளைகளே. நானாகத்தான் எழுதினேன். தேடினேன், லாச்சியில் கிடைக்கவில்லை, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உண்மை. அதற்கு மேல் எழுதினதெல்லாம் என் வெள்ளைச் சட்டை எழுதினது.

அடுத்த மாதம் டீச்சர் மறுபடி வந்தார். இந்தத் தடவை குடையோடு உள்ளே வந்தார். தண்ணீர் சொட்டியது. பேராசிரியர் அவருக்கு எழுதியிருந்த கடிதத்தை என் மேசையில் விரித்து வைத்தார். எந்தப் பதிப்பிலும் காணாத உரையை, தமக்கு வேண்டியபடி புனைந்து, உரையாசிரியர் வாயில் வைத்திருக்கிறீர். நூல்நிலையத்தாரே முத்திரையோடு மறுத்துவிட்டனர். இத்தகைய நேர்மையீனத்துக்கு இங்கே இடமில்லை. இதுதான் சாரம். அதன் பிரதி ஒன்று அவருடைய பாடசாலைத் தலைமை ஆசிரியருக்கும் போயிருந்தது.

“எக்காலத்திலும்னு எழுதியிருக்கீங்க” என்றார். “நீங்க இங்க வந்து எத்தன வருஷம்?”

“ஆறு.”

“அப்ப எக்காலமும் உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?”

பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் நிமிர்ந்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

“லாச்சியப் பாத்துதான் எழுதினேன் டீச்சர்.”

“அந்தப் பெரிய பதிவேடு இருக்கே, மேல? அத எடுத்துப் பாருங்க. பண்டிதரு பெட்டியில வந்ததெல்லாம் அதுல எழுதியிருக்கும். இல்லாட்டி என்னைய உள்ள விடுங்க, நானே தேடுறேன். ஒரே ஒரு நாள்.”

“அது ஆபீஸ் சமாச்சாரம். வெளியாள உள்ள விடுறதுக்கு உத்தரவு இல்ல.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “நீங்களும் தோட்டத்து ஆள்தானே?”

பேராசிரியரின் கடிதத்தை மடித்து அவர் பக்கம் தள்ளினேன். அந்தக் கேள்வியை அத்தனை பேர் முன்னால் கேட்டாரே என்ற கோபம்தான் எனக்கு இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு மாஸ்டர் வந்து ‘பதிவேட்டை எடும்’ என்று சொல்லியிருந்தால் நாற்காலி போட்டு ஏறியிருப்பேன். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்த பிள்ளை பழந்தமிழைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கும் என்று என் புத்தியில் ஏறவில்லை. என் இனத்தை நானே நம்பவில்லை. அந்த அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. நூல்நிலையத்துத் தகரக்கூரை ஒழுகியது. விசயதசமியன்று காலையில் பூசை மூட்டையைத் தூக்கினால் கை நனைகிறது. பட்டுத்துணி முழுக்க ஈரம். வேறு வழியில்லாமல் முடிச்சை அவிழ்த்தேன். ஆறு வருஷத்து முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. புத்தகங்களைக் காயவைக்க ஒவ்வொன்றாக விரித்தேன். மூன்றாவது புத்தகம் பச்சை அட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையார். உள்ளேயிருந்து என் கையாலேயே செருகின அட்டை நழுவிக் கீழே விழுந்தது.

அம்மன் படத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கற்பூரம் எரிந்து முடிந்தது. பிறகு எழுந்து நாற்காலி போட்டு ஏறிப் பதிவேட்டை எடுத்தேன். முதல் பத்துப் பக்கங்களுக்குள்ளேயே இருந்தது. பெயர், பதிப்பித்தவர், பண்டிதர் கொடுத்தது, வரிசை எண். தேடி எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கீழே கடைக்கு ஓடினேன். செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்து, கத்தரித்து, வாடிக்கைக்காரரை அனுப்பிவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“இப்ப அதுக்கு என்னாங்கிற?”

“பேராசிரியருக்கு எழுதிரணும் முதலாளி. இருக்குன்னு. நாமதான் தப்பா எழுதிட்டோம்னு.”

“நாம இல்ல. நீ.” குரலைத் தாழ்த்தினார். “பூசாரி, அடுத்த மாசம் மாநகரசபை உதவிக்கு மனுப் போடுறோம். இந்த நேரத்துல, எங்க புத்தகம் எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாதுன்னு சீல் வச்சு எழுதுவியா? எழுதணும்னா உம் பேருல எழுது. சங்கத்து சீல் அதுல படக்கூடாது. பட்டுச்சின்னா, நீ வேற வேல பாத்துக்க.”

அப்போது எனக்கு மூன்று பிள்ளைகள். கடைசி கைக்குழந்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு பசறை பஸ் ஏறினேன். தோட்டத்துக்குள் இரண்டு மைல் நடை. லயத்து வாசலில் சாமான்கள் கட்டிக்கிடந்தன. பித்தளைக் குடம், அம்மி, ஒரு தையல் மெஷின். கிளம்புகிற திகதி வந்துவிட்டது, இன்னும் பன்னிரண்டு நாள். டீச்சர் பாடசாலை வேலையை விட்டு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தைத் தலைமை ஆசிரியர் மற்ற ஆசிரியர்கள் முன்னால் வாசித்தாராம். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

அவருடைய அப்பா என்னை உட்காரச் சொல்லி ஒரு பெட்டியைக் காட்டினார். தேத்தண்ணி வந்தது. நான் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். டீச்சர் வாங்கிப் பார்த்தார். நேராக நடுவில் ஓர் இடத்தைப் பிரித்தார், புரட்டவே இல்லை. விரலை வைத்துத் தன் அப்பாவிடம் காட்டினார்.

“இந்தாங்கப்பா. இருக்கு.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எம்மக பொய் சொல்லலேல்ல?”

“இல்லீங்க. தப்பு என்னுதுதான்.”

“எங்க இருந்துச்சு?” என்று டீச்சர் கேட்டார்.

சொன்னேன். பட்டுத்துணி, சந்தனம், பூட்டு எல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் யாருக்கும் விரும்பமாட்டேன்.

“பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க உங்களுக்கு. பூசாரி வேலதான் பாத்திருக்கீங்க. லைப்ரரி வேல பாக்கல.”

“கமலம்” என்று அதட்டினார் அப்பா. “வீடு தேடி வந்திருக்காரு.”

“வரட்டுமேப்பா. நான் எத்தன தடவ அவரத் தேடிப் போனேன்.” என் பக்கம் திரும்பினார். “சரி, இப்ப என்னா செய்யப்போறீங்க?”

“பேராசிரியருக்கு எழுதுறேன். நாளைக்கே.”

“எடம் கெடைக்குமா?”

“தெரியல.”

“கெடைக்காட்டியும் பரவாயில்ல. நான் பொய் எழுதலன்னு அவருக்குத் தெரியணும். ஸ்கூலுக்கும் தெரியணும். சீல் வச்சுத்தானே அனுப்புவீங்க?”

ஒரு நிமிஷம் இருந்தது எனக்கு. அந்த ஒரு நிமிஷத்தில் செயலாளர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். என் நிலைமையைச் சொல்லி அழுதிருக்கலாம். அவர் திட்டியிருப்பார், ஆனாலும் உண்மை தெரிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஆமாங்க” என்றேன்.

திங்கட்கிழமை கடிதம் எழுதினேன். நல்ல கடிதம்தான். பதிவேட்டு எண், பக்க எண், அந்த உரையின் வரிகளை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தெழுதினேன். முத்திரை என் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன். கீழே கடையில் செயலாளர் யாரோடோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. முத்திரையை உள்ளே வைத்து மூடினேன். என் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். பாடசாலைக்கும் அப்படியே ஒன்று. உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன், சாமி பார்த்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாமி தலையில் சுமத்துவது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

அவர்கள் கிளம்பிய அன்று பதுளை ஸ்டேஷனுக்குப் போனேன். நாலைந்து தோட்டத்துக் குடும்பங்கள். கட்டிப் பிடித்து அழுகிறவர்கள், மூட்டையை எண்ணுகிறவர்கள். தேயிலைச் செடியின் வேரை மண்ணோடு சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள் ஒரு கிழவி. டீச்சர் அழவில்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போனதும், “பதில் வந்துச்சா?” என்றார்.

“இன்னும் வரல.”

“வந்தா அனுப்புவீங்களா?” ஒரு துண்டுத்தாளில் திருச்சிப் பக்கத்து முகவரி ஒன்றை எழுதிக் கொடுத்தார். ரயில் நகர்ந்தது.

பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. நிறுவனத்தின் முத்திரையோடு முன்னர் கிடைத்த கடிதம் இருக்க, முத்திரையில்லாத தனியார் கடிதம் ஒன்றின் பேரில் எடுத்த முடிவை மாற்றுவதற்கில்லை. மூன்று வரி. பாடசாலையிலிருந்து பதிலே வரவில்லை. பேராசிரியரின் கடிதத்தை அந்த முகவரிக்கு அனுப்பவேண்டும் என்றுதான் இருந்தேன். அனுப்பினால் சீல் வைக்காதது தெரிந்துவிடும். அனுப்பவில்லை. பதில் ஏதும் வராமல் அந்த அம்மாள் அங்கே எத்தனை நாள் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

இத்தோடு முடிந்திருந்தால் இதை என் மனதுக்குள்ளேயே வைத்திருப்பேன். ஏழெட்டு வருஷம் போனது. ஒருநாள் அந்தப் பேராசிரியரே மாடியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. கும்பிட்டு நாற்காலி போட்டேன். செயலாளர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

“இஞ்ச ஒரு பழைய உரைப் பதிப்பு இருக்குதெண்டு எப்பவோ ஒரு கடிதம் வந்த ஞாபகம்” என்றார். “இப்ப அதைப் பற்றி எழுதிறன். பாக்கலாமோ?”

அட்டை இப்போது லாச்சியில் இருந்தது. அரை நிமிஷத்தில் எடுத்து வைத்தேன். அவர் மாலைவரை இருந்து எழுதிக்கொண்டார். கண் மின்னியது. “அருமையான உரை. ஒருத்தரும் கவனிக்கேல்லை” என்று சொல்லிக்கொண்டார். அவர் எழும்பும்போது எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்:

“ஐயா, இதக் கவனிச்சது ஒரு பிள்ள. இங்க வந்து படிச்ச பிள்ளதான் மொதல்ல கண்டது.”

“எந்தப் பிள்ளை?”

“கமலம்னு, பசறைப் பக்கத்து டீச்சர். உங்களுக்குக் கட்டுரை அனுப்பினாங்க. நீங்கதான்...”

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். “எத்தினையோ பேர் அனுப்பினவை” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

கண்டது யார் என்று சொன்னேன். அந்தப் பிள்ளைமேல் பழி சுமத்த வைத்தது நான் என்று சொல்லவில்லை. பக்கத்தில் செயலாளர் நின்றார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. கேட்டு வருகிறவர் ‘நான் பார்த்தேன்’ என்று சொன்னால், அவர் செருப்பைப் பார்க்காமல் அவர் சொல்வதைக் கேளுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள்: இங்கே இங்கே தேடினேன், கிடைக்கவில்லை என்று. தேடாத இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். தப்பாக எழுதிவிட்டால், எந்தக் கையால் எந்த முத்திரையோடு தப்பை எழுதினீர்களோ, அதே கையால் அதே முத்திரையோடு திருத்துங்கள். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் போக விடவில்லை. அதனால் வேலை இருந்தது, ஓய்வூதியம் இருக்கிறது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் திருச்சிப் பக்கத்து ஒரு பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்பார். தெரியாது என்பேன்.

பேராசிரியரின் கட்டுரை அடுத்த வருஷம் ஓர் இதழில் அச்சாகி வந்தது. தினைப்புனத்துப் பெண்கள் கூலிக்கு நின்றவர்கள் என்ற உரையை உலகுக்கு முதலில் எடுத்துக்காட்டுவதாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், அரிய பதிப்பைப் பேணிக்காத்த பதுளை நூல்நிலையத்தாருக்கும், உடனே எடுத்துத் தந்த நூலகருக்கும் நன்றி என்று போட்டு, என் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு அச்சிட்டிருந்தார்கள். செயலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினார். ஆணி அடிக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். ஓய்வு பெறுகிற நாள்வரை அதன் கீழே உட்கார்ந்துதான் சம்பளம் வாங்கினேன்.